துணிக்கு அடியில் மூன்று விரல்

மெஹக் பத்தாம் வகுப்பில் நானூற்று அறுபத்திரண்டு மார்க் எடுத்தாள். அன்றோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று. முந்நூறு எடுத்திருந்தால் கிடைத்த குரூப்பில் சேர்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்போம். நானூற்று அறுபத்திரண்டு ஒரு கெட்ட எண். அதைக் கையில் வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தோன்றிவிடும்.

நான் கேட்டது டாக்டர். பயாலஜி குரூப், இரண்டு வருஷம் நீட் கோச்சிங், அப்புறம் வெள்ளைக் கோட்டு. அவள் கேட்டது காமர்ஸ். அதில் வரைய நேரம் கிடைக்கும், பன்னிரண்டு முடித்ததும் டிசைன் காலேஜ் நுழைவுத் தேர்வு எழுதலாம், துணிக்கு டிசைன் போடப் படிக்கலாம் என்று திட்டம் வைத்திருந்தாள். அந்தத் திட்டத்தை ஒரு சார்ட்டில் எழுதி, ஓரமெல்லாம் கொடியும் மாங்காயும் வரைந்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியும் வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போனால்கூட அதைப் படிக்காமல் திரும்ப முடியாது.

நான் தி.நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில், இருபத்திரண்டு வருஷமாக மேட்சிங் சென்டர் நடத்துகிறேன். துப்பட்டா, லைனிங், பிளவுஸ் பிட். என் பிள்ளை துணிக்கு நடுவே நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் நான் நின்றுகொண்டிருக்கிறேன். அவளிடம் அதைச் சொன்னேன்.

"துணில கீற மாங்காய எவனோ ஒருத்தன் வரைஞ்சிருப்பான்ல அத்தா? அது நானா இருந்தா இன்னா?" என்றாள்.

அந்த எவனோ ஒருத்தனுக்கு யார் பெண் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவள் பென்சில் சீவ உட்கார்ந்துவிட்டாள். பதில் சொல்லாத ஆளிடம் பேரம் படியாது; அது என் தொழில் அனுபவம்.

அவள் நன்றாக வரைவாள், அதை ஒப்புக்கொள்கிறேன். வலது கை நடுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், பென்சில் அழுத்தி அழுத்தி ஒரு காய்ப்பு, பச்சைப்பயறு அளவுக்கு. மூன்றாம் வகுப்பிலிருந்து இருக்கிறது. சைதாப்பேட்டை பஜாரில் ரோடு தாண்டும்போது அவள் கையைப் பிடித்தால் எனக்கு முதலில் தட்டுப்படுவது அதுதான்.

குரூப் ஃபாரத்தைத் திங்கட்கிழமைக்குள் பள்ளியில் கொடுத்தாக வேண்டும். வியாழக்கிழமை என் மனைவி ஜமீலுன்னிசா, இருவரும் கத்திக் கத்தித் தனக்குத் தலைவலி வந்துவிட்டது, போய் மூன்றாவது ஆளைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டாள். மூன்றாவது ஆளையும் அவளே கண்டுபிடித்தாள். மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டில் இருக்கும் ஒரு மையம். பிள்ளைகளின் பத்து விரல் ரேகையையும் மெஷினில் பதிந்து, இது இன்ன படிப்புக்கு என்று பிறந்த பிள்ளை என்று ரிப்போர்ட் கொடுப்பார்களாம். மெஷின் எதைச் சொல்கிறதோ அதற்கு இரண்டு பேரும் கட்டுப்பட வேண்டும் என்றாள். மெஹக் உடனே சரி என்றாள். பாவம், மெஷினை நம்பினாள். நானும் சரி என்றேன். சரிக்கட்ட முடியாத மூன்றாவது ஆளை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை.

அன்றைக்கே மையத்துக்கு போன் போட்டேன். நடத்துகிறவர் பெயர் சுயம்புலிங்கம். நான் சுற்றிவளைத்து, டாக்டர் என்று வந்தால் குடும்பமே சந்தோஷப்படும் என்றேன். "நான் ஒண்ணும் பண்றதில்ல சார். எல்லாம் மெஷின்தான்" என்றார். எங்கள் லைனில் இப்படிச் சொல்கிறவன் அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கிறான் என்று அர்த்தம். நேரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். கீழே எவர்சில்வர் பாத்திரக் கடை, மாடியில் மையம். ஏறும் வழியெல்லாம் கீழே எவனோ அண்டாவில் பேர் வெட்டும் சத்தம். சுயம்புலிங்கத்துக்கு அறுபது வயதிருக்கும். அரைக்கை வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டுக்கு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு குடித்தார். நடை பழகும் குழந்தை பால் குடிக்கிற மாதிரி. வயசானால் இப்படியெல்லாம் ஆகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளறையில் ஒரு மேஜை. அதன் மேல் ஷூ டப்பா அளவில் ஒரு பெட்டி, உள்ளே கண்ணாடித் தகடு. வெளிச்சம் படக் கூடாது என்று பெட்டி மேல் ஒரு கறுப்பு வெல்வெட் துணி மூடியிருந்தது. மெஹக் துணிக்குள் கையை விட்டு ஒவ்வொரு விரலாக வைத்தாள். பத்தும் முடிந்ததும் கையை வெளியே எடுத்து ஷாலில் துடைத்தாள்.

"கண்ணாடி ஜில்லுனு இல்ல அத்தா. வெதுவெதுன்னு கீது" என்றாள்.

கை கழுவ அவள் வெளியே போனாள். சுயம்புலிங்கத்துக்கு போன் வந்தது. டம்ளரையும் எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். அறையில் நானும் அந்தத் துணியும் மட்டும்.

இந்த இடத்தில் என் குடும்பத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அத்தா பெரியமேட்டில் தோல் மண்டி வைத்திருந்தார். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். நாலு பேர் பார்க்க, வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரல்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. முகத்தில் ஒன்றும் தெரியாது. ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார்கள். உள்ளங்கையை ஒரு தரம் சுரண்டினால் முடிந்தது. அதற்குப் பிறகு மாற்றுப் பேச்சு கிடையாது. பன்னிரண்டு வயதிலிருந்து நானும் அந்தத் துண்டுக்குள் கை விட்டவன். தோலை விட்டுத் துணிக்கு வந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் மேஜையில் ஒரு துணி அப்படிக் கிடந்தால் கை சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. உள்ளே விட்டேன்.

முழுக் கையையும் ஒரு கை பிடித்தது. ஐந்து.

நான் பயப்படவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். எனக்கு வந்தது சந்தோஷம். சுயம்புலிங்கமும் நம்ம ஆள்தான், தோல் மண்டிப் பழக்கம் தெரிந்தவர், பிள்ளைக்கு முன்னால் பேச வேண்டாம் என்று போன் சாக்கில் வெளியே போய் மேஜைக்கு அடியில் கை நீட்ட வழி வைத்திருக்கிறார் என்று தோன்றியது. ஐந்துக்கு நான் இரண்டு விரலைப் பிடித்தேன். அது நாலைப் பிடித்தது. நான் விடாமல் இரண்டிலேயே நின்றேன். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு மெதுவாக மூன்று. அந்த விரல்களின் நுனி வழவழவென்று இருந்தது, கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி. படிந்துவிட்டது என்று உள்ளங்கையைச் சுரண்டினேன். அதுவும் சுரண்டியது.

ஜெயித்த திருப்தியில் தலையை நிமிர்த்தினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சுயம்புலிங்கம் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன், இன்னொரு கையில் டம்ளர்.

துணியைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடித் தகடும் ஒரு ஒயரும் இருந்தன. பெட்டிக்குக் கீழே மேஜைப் பலகை கெட்டியாக இருந்தது; தட்டியே பார்த்தேன்.

காலையில் சாப்பிடாமல் வந்தது, கோடை வெயில், நாற்பத்தெட்டு வயது என்று எனக்கு நானே காரணங்களை அடுக்கிக்கொண்டேன். மூன்று என்றால் ஃபீஸ் மூவாயிரமாகக் குறையும் என்று ஓர் ஓரத்தில் ஆசையும் இருந்தது. குறையவில்லை. போர்டில் போட்டிருந்ததை அப்படியே வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. கலர் கலராக வட்டங்கள், பதினாலு பக்கம். பொருத்தமான துறை: மருத்துவம், தொண்ணூற்றேழு சதவீதம். நான் கத்தவில்லை; கடையில் பெரிய ஆர்டர் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வேனோ அப்படி வைத்துக்கொண்டேன். மெஹக் பேச்சு மாறாதவள். எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து சார்ட்டைப் பிரித்தாள். ஓரம் கிழியாமல் பிரித்தாள். அதைப் பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. வலது கை கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல்: ரேகை இல்லை.

மூன்று.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது மெஹக் தன் போனை வைத்துக்கொண்டு போராடிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை வைத்தால் திறக்கவில்லையாம். ஜமீலுன்னிசா, சோப்புப் பவுடரில் ஊறியிருக்கும், தேங்காய் எண்ணெய் தேய் என்றாள். தேய்த்தாள். திறக்கவில்லை. பிறகு நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். ஒரு மாங்காயைத் தொடங்கினாள். வழக்கமாக ஒரே இழுப்பில் வளைந்து வால் சுருண்டு முடிந்துவிடும். அன்று கோடு பாதியில் நின்றது. திரும்பத் தொடங்கினாள். அதே இடத்தில் நின்றது. பதினோரு மாங்காய், பதினொன்றும் ஒரே இடத்தில் நின்றன. அச்சடித்த மாதிரி.

"பென்சில் புடிச்சிருக்கேன்னு கண்ணுக்குத்தான் தெரியுது அத்தா" என்றாள். "கைக்குத் தெரியல."

கையை வாங்கிப் பார்த்தேன். மூன்று விரல் நுனியும் கரண்டியின் முதுகு மாதிரி மழமழவென்று இருந்தது. நடுவிரலில் பயறு அளவுக் காய்ப்பு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. வெட்டியதும் இல்லை, உரிந்ததும் இல்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. பெரியமேட்டில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே ஒன்றுதான்: கட்டைப் பிரித்துச் சரக்கைப் பார்த்துவிட்டுத்தான் துண்டுக்குள் கை விட வேண்டும். ஒரு பேல் லைனிங் துணிக்கே நாலு இடத்தில் பிரித்துப் பார்க்கிறவன் நான். அன்றைக்கு, எதிரில் இருப்பது யார், என்ன சரக்கு, எதற்கு விலை என்று ஒன்றும் கேட்காமல், ஐந்தை மூன்றாக்கியதில் பெருமைப்பட்டுக்கொண்டு சுரண்டிவிட்டேன். டாக்டர் என்று கேட்டேன், கிடைத்துவிட்டது. விலை அவளுடைய மூன்று விரல்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் யோசித்தேன். எல்லா டாக்டரும் கத்தி எடுப்பதில்லையே, மாத்திரை எழுத விரல் நுனி எதற்கு, போனைத் திறக்க நம்பர் போட்டுக்கொள்ளலாமே என்று. அந்த நிமிஷத்தைப் பற்றி ஜமீலுன்னிசாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அதற்குள் மெஹக் பன்னிரண்டாவது மாங்காயைத் தொடங்கியிருந்தாள். அதுவும் அங்கேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனேன். பாத்திரக் கடை மூடியிருந்தது, மாடி திறந்திருந்தது. சுயம்புலிங்கம் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உள்ளறை லைட்டைப் போட்டு, நாற்காலியை மேஜைப் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அந்தத் துணி யாருடையது என்று கேட்டேன்.

"மெஷினோட வந்துது சார். நான் அதத் துவைச்சதுகூட கிடையாது" என்றார். சற்றுப் பொறுத்து, "அப்பாமாருங்க நிறையப் பேரு கைய விடுவாங்க. புள்ளைங்க எழுந்து போனப்புறம்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

முடிந்த வியாபாரத்தைத் திரும்பக் கேட்கிறவன் துண்டுக்குள் உள்ளங்கையை மேலே திருப்பி வைப்பான். பிச்சைக்கு நீட்டுகிற மாதிரி. பெரியமேட்டில் ஒரே ஒருத்தன் அப்படி வைத்து நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவனோடு யாரும் கை கோக்கவில்லை. நான் கையை உள்ளே விட்டு, மேலே திருப்பி வைத்தேன்.

நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கை வந்து என் கையின் மேல் படுத்தது.

இப்போது அது முழுக்க வழவழப்பாக இல்லை. மூன்று விரலில் மெல்லிய ரேகை ஓடியது. நடுவிரலில், நகத்துக்குப் பக்கத்தில், பயறு அளவில் ஒரு காய்ப்பு.

ரோடு தாண்டும்போது பிடித்துக்கொள்கிற கை. அதை நான் எந்த இருட்டிலும் சொல்லிவிடுவேன்.

அது என் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. அவசரமே இல்லை. சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் விட்டுவிட்டது. நடுவிரல், ஆள்காட்டி விரல், கட்டைவிரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்தது. நான் துணியை மூன்று தரம் தேய்த்து, நான்காவதாக ஒரு சுண்டு சுண்டிப் பார்க்கிற மூன்று விரல். காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா, எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற விரல்கள். சந்தில் இருக்கிற மற்ற கடைக்காரர்களே சந்தேகம் வந்தால் பிட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவார்கள். நல்ல சரக்கைத்தான் பார்த்து எடுத்திருந்தது.

எதிராளி மூன்று கேட்டால் நான் ஒன்று என்பது என் ரத்தத்தில் ஊறியது. அதன் ஒரு விரலைப் பிடிக்க என் ஆள்காட்டி விரல் தானாகவே மடங்கத் தொடங்கிவிட்டது. மடங்கிய விரல் அந்தக் காய்ப்பில் இடித்தது.

நிறுத்தினேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக, சொன்ன விலைக்கு ஒப்புக்கொண்டு உள்ளங்கையைச் சுரண்டினேன்.

கையை வெளியே எடுத்தபோது வலி ஏதும் இல்லை. கதவுக் கைப்பிடியைத் திருகினேன்; திருகியது கண்ணுக்குத்தான் தெரிந்தது.

சுயம்புலிங்கம் வெளியே உட்கார்ந்திருந்தார். "பேரம் பேசினீங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"நான் பேசினேன்" என்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்துக் காட்டினார். பத்து விரலும் பீங்கான். மகன் பைலட் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். பையன் விரல்களைத் திரும்ப வாங்கும்போது ஒன்றைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது இரண்டு கூட்டியிருக்கிறது. இவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பையன் இப்போது திருவான்மியூர் டிப்போவில் கண்டக்டர், நன்றாகத்தான் இருக்கிறான் என்றார்.

அப்படியானால் இந்தக் கடையை ஏன் இன்னும் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு மாதம் மூடி வைத்ததாகவும், அந்த மாதம் அந்தத் துணி தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கிடந்ததாகவும் சொன்னார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே குடிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்தபோது மெஹக் தரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள். மாங்காயின் வால் சுருண்டு முடிந்திருந்தது. பக்கத்தில் போன் திறந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய்தான் காரணம் என்று ஜமீலுன்னிசா ஜெயித்த குரலில் சொன்னாள். நான் மறுக்கவில்லை. மையத்தில் மெஷின் ரிப்பேராம், எல்லார் ரிப்போர்ட்டும் தப்பாம், போன் வந்தது என்று சொல்லிவிட்டு, குரூப் ஃபாரத்தை எடுத்துவரச் சொன்னேன்.

மெஹக் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "அப்ப இன்னா குரூப் போடறது?"

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் போடு என்றேன். அவள் எழுதி முடித்தாள். கையெழுத்துப் போட நான் பேனாவை எடுத்தபோதுதான் கேட்டாள்.

"ஏன் அத்தா பேனாவயே பாத்துக்கினு புடிக்கிற?"

கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன்.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அவள் பதினொன்றாவது முடித்துவிட்டாள். மார்க் சுமார்தான், நோட்டெல்லாம் கொடியும் பூவும். நான் கடையில் ஒரே விலை என்று போர்டு மாட்டிவிட்டேன். துணியைத் தொட்டுத் தரம் சொல்ல முடியாதவன் எந்த முகத்தோடு பேரம் பேசுவான்? வேடிக்கை என்னவென்றால் வியாபாரம் கூடிவிட்டது. புதுச் சரக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை மெஹக் கடைக்கு வந்து தேய்த்துப் பார்த்து, அதன் பேரை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறாள். எனக்கு ஏன் தெரியவில்லை என்று அவள் கேட்பதில்லை.

துணி அடுக்குக்குள் மட்டும் நான் கை விடுவதில்லை. நீளக் கம்பு ஒன்று வைத்திருக்கிறேன்.

போன வாரம், மத்தியானம் கூட்டம் அடங்கிய நேரத்தில், ஒரு அம்மா மெரூன் லைனிங் கேட்டு வந்தார். பிள்ளைக்குப் பத்தாவது ரிசல்ட் வந்துவிட்டது, நானூற்று எழுபது, அவரும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள் என்றார். அடையாறில் புதிதாக ஒரு இடம் திறந்திருக்கிறதாம், விரல் ரேகையை வைத்துப் பார்த்துச் சொல்வார்களாம், சாயங்காலம் போகிறார்களாம்.

போகாதீர்கள் என்றேன். அட்வான்ஸ் கட்டியாயிற்று என்றார். அப்படியே போனாலும் உங்கள் வீட்டுக்காரர் கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருக்கட்டும் என்றேன். நான் ஏதோ ஜோக் அடிக்கிறேன் என்று சிரித்தார்.

அவருக்கு முன்னால் மெரூன் அடுக்கு இருந்தது. அதற்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மூன்று தரம் சரசரவென்று தேய்த்து, நான்காவதாக ஒரு சுண்டு. இருபத்திரண்டு வருஷமாக இந்தச் சந்தில் அப்படித் தேய்க்கிறவன் ஒருத்தன்தான்.

அந்த அம்மா போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "நீங்க தேய்க்கிற சத்தத்துலயே தெரியுது பாய், நல்ல துணிதான். ரெண்டு மீட்டர் வெட்டுங்க" என்றார்.

என் இரண்டு கையும் கல்லாப்பெட்டி மேல் இருந்தன.